மலைமேல் நிற்கும் தேவன்

பிப்ரவரி 4

அண்ணி,

போனில் பேசினால் அம்மா காதில் விழும், அண்ணன் காதிலும் விழும். அதனால்தான் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் எங்கள் ஆபீசில் ஒரு கூத்து நடக்கும். நாங்கள் செய்த விளையாட்டைப் பற்றி ஆடுகிறவர்கள் எழுதிய கருத்துகளை எங்கள் தலைவர் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிப்பார். ‘தேவலோகத் திருப்பணி’ வெளிவந்து இப்போதுதான் சூடு பிடிக்கிறது. கதை, வசனம், கட்டங்கள் எல்லாம் நான் போட்டவை. அரக்கன் இடித்துப்போட்ட தேவலோகத்தை தேவி கட்டி எழுப்ப வேண்டும். பூதங்களை ஏவி மரம் வெட்டி, கல் சுமந்து, பாலம் போட்டு, மணல் கடிகாரம் தீர்வதற்குள் முடித்தால் மூன்று நட்சத்திரம். உங்களுக்குத் தெரியாததா? முழுக்க ஆடியிருக்கிறீர்களே.

இந்த வாரம் அவர் முதலில் படித்தது இது:

“ஒரு நட்சத்திரம். அதுவும் பூதங்களுக்காக. தேவி மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிறாள். அவள் புருஷன் எல்லாக் கட்டத்திலும் மலைமேல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அவள் விறகுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘விறகு குறைகிறது, தேவி’ என்கிறான். பாம்பு அவள் காலைச் சுற்றிய பிறகு ‘பாம்பு, தேவி’ என்கிறான். அப்புறம் ‘சும்மா நினைவூட்டினேன்’ என்று ஒரு சிரிப்பு. அவன் வாயை அடைக்க ஒரு பட்டன்கூட இல்லை. கை இரண்டும் நன்றாகத்தானே இருக்கிறது, இறங்கி வந்து ஒரு கல்லைத் தூக்கினால் என்ன?”

எழுதியவர் பெயர் ‘ஊசிக்காரி’.

ஆபீசே வயிறு குலுங்கச் சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ரத்தம் எடுக்கிற வேலையில் ஆயிரம் பேர் இருக்கலாம். ஊசிக்காரி என்று அண்ணன் வாயால் கூப்பிடப்படுவது நீங்கள் ஒருவர்தான்.

தேவனுக்கு அண்ணன் முகத்தைக் கொடுத்தது நான்தான். அந்த மீசை, அந்தக் கைகட்டு எல்லாம் ஆசையாக வரைந்தது. உங்களுக்குள் ஆயிரம் இருக்கும், நான் கேட்கவில்லை. அதை ஊரே படிக்கிற இடத்தில் போய்க் கொட்ட வேண்டுமா? இந்த விளையாட்டு படுத்துவிட்டால் அடுத்ததை என்னிடம் தரமாட்டார்கள். சொந்த அண்ணி கையாலேயே எனக்கு ஒரு நட்சத்திரம்.

அம்மாவை அடிக்கடி திருப்பிப் படுக்க வைக்கிறீர்களா? இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். சும்மா நினைவூட்டினேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 9

நாத்தனாரே,

ஆமாம், நான்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

உன் விளையாட்டை நான் எங்கே ஆடினேன் தெரியுமா? லேபில், ரத்தக் குழாய்களை மெஷினில் சுற்றவிட்டுவிட்டு, அது நிற்கும் வரை நின்றுகொண்டே. வீட்டில் ஆட முடியாது. வீட்டில் போனைக் கையில் எடுத்தாலே அத்தைக்குத் தாகம் எடுக்கும். பாவம், அவர் வேண்டுமென்று செய்வதில்லை. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து இரண்டு வருஷமாகக் கட்டிலில் கிடக்கிறவர் வேறு என்ன செய்வார்?

பூதங்கள் நன்றாக இருக்கின்றன. வேலையே இல்லாதபோது தொப்பையைத் தட்டிக்கொள்வது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் ஒரு பூதம் ஏணியில் இருந்தால் இன்னொன்று கீழேயே நின்று வேடிக்கை பார்க்கிறதே, அது ஏன்? கிணற்றுக் கட்டத்தை எத்தனை தடவை ஆடியும் எனக்கு மூன்று நட்சத்திரம் வரவில்லை. தண்ணீர்ப் பானை நிரம்பும் நேரம் பார்த்து உன் தேவன் பேச வருகிறான், அவன் பேச்சுக் கட்டம் பானையை மறைக்கிறது, பானை வழிகிறது, நேரம் போகிறது. இதை யாராவது ஆடிப் பார்த்தீர்களா, இல்லை அப்படியே கடைக்கு அனுப்பிவிட்டீர்களா? ஒரு நட்சத்திரம் எனக்கே அதிகமாகத்தான் பட்டது.

சண்டை போட இதை எழுதவில்லை. ஒரு விஷயம் கேட்க வேண்டும். ரத்த வங்கியைப் பொறுப்பேற்று நடத்துவதற்கான பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில், வேறு ஊரில், ஜூன் முதல் ஆறு மாதம். அங்கேயே விடுதி. போன தடவையும் இந்த வாய்ப்பு வந்தது. அப்போதுதான் அத்தை விழுந்தார், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவையும் வேண்டாம் என்றால் இனி என்னைக் கேட்க மாட்டார்கள். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் போனால் அத்தையை யார் பார்த்துக்கொள்வது? இதுதான் கேள்வி. நேராகப் பதில் சொல்.

அண்ணி


பிப்ரவரி 21

அண்ணி,

முதலில் வாழ்த்துகள். கண்டிப்பாகப் போங்கள். உங்கள் திறமைக்கு இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டும்.

இங்கே நிலைமை மோசம். உங்கள் கருத்துக்குக் கீழே ஆட்கள் குவிந்துவிட்டார்கள். ‘தேவனை வேலைக்கு அனுப்பு’ என்பது ஒரு கோஷம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு பெண் எழுதியிருக்கிறார்: “இவனைப் பார்த்தால் எங்க ஆபீஸ் மேனேஜர் ஞாபகம் வருது.” இன்னொருவர் மலையையே இடிக்க வழி இருக்கிறதா என்று கேட்கிறார். அரக்கன் பக்கம் ஆட ஒரு வசதி வேண்டுமாம், தேவனை அடிப்பதற்கு. தலைவருக்கு இதெல்லாம் கொண்டாட்டமாக இருக்கிறது. “ஜனங்க இவ்வளவு கோவப்படுறாங்கன்னா மனசுல பதிஞ்சிருச்சுன்னு அர்த்தம்மா. அவனைக் கீழ எறக்கு!” என்கிறார். அடுத்த பதிப்பில் தேவன் இறங்கி வேலை செய்வான். எல்லாக் கட்டத்தையும் நான் மறுபடி போட வேண்டும். தூக்கம் போய்விட்டது. உங்கள் புண்ணியம்.

அம்மா விஷயத்தை யோசித்தேன். முழுநேரமும் வீட்டோடு இருக்கிற மாதிரி ஒரு நல்ல ஆயாம்மாவைப் பாருங்கள், ஆனால் தெரியாதவர்களை நம்பாதீர்கள், நன்றாக விசாரியுங்கள். அண்ணனிடமும் பேசுங்கள், அவர் நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று. பக்கத்து வீட்டு டீச்சரிடம் ஒரு சாவி கொடுத்து வைக்கலாம். கிளம்புவதற்கு முன்னால் மருந்து நேரங்களை எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இப்போதே ஆரம்பித்தால்தான் ஜூனுக்குள் முடியும். சும்மா நினைவூட்டினேன்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 15

நாத்தனாரே,

புதுப் பதிப்பை ஆடினேன். உன் தேவன் இறங்கி வந்துவிட்டான். கல்லைத் தூக்குகிறான், வழியிலேயே போடுகிறான். பூதங்கள் அதைத் தாண்டிப் போக முடியாமல் வரிசையில் நிற்கின்றன. அவனுக்குத் தனியாகச் சாப்பாடு வைக்க வேண்டும், சாப்பிட்டதும் உட்கார்ந்துவிடுகிறான், தட்டி எழுப்ப வேண்டும். முன்னாலாவது அவன் மலைமேல் இருந்தான், இப்போது காலுக்குள் வந்து விழுகிறான். லேபில் என்னோடு வேலை பார்க்கிற பெண் எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, இதுக்கு அவன் மேலயே நின்னிருக்கலாம்” என்றாள். உன் தலைவரிடம் சொல், ஒரு நட்சத்திரத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

இவ்வளவும் செய்துவிட்டுப் பேச்சை மட்டும் அப்படியே விட்டிருக்கிறாய். “விறகு குறைகிறது, தேவி. சும்மா நினைவூட்டினேன்.”

நீ ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். நான் உன் அண்ணனைப் பற்றி அந்தக் கருத்தை எழுதவில்லை.

உன் அண்ணன்மேல் எனக்குக் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். குறட்டைக்கு மட்டும் தனியாக ஒரு கருத்து எழுதலாம். ஆனால் கட்டட வேலையிலிருந்து சிமெண்ட் தலையோடு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அத்தையைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைப்பது அவர்தான். குளிப்பாட்டத் தண்ணீர் சுமப்பது அவர்தான். இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு செய்கிறார். அவர் ஒரு நாளும் எனக்கு எதையும் நினைவூட்டியதில்லை. அந்த மனுஷன் வாயைத் திறந்தால் அல்லவா?

முகம்தான் அண்ணனுடையது. பேச்சு உன்னுடையது.

போன வியாழக்கிழமை அத்தை கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார். நான் ஒரு கையால் அவர் தோளையும் இன்னொரு கையால் கட்டில் கம்பியையும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பகலில் அத்தையைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயாம்மா போய்விட்டிருந்தார். மேஜைமேல் போன் மினுக்கியது. நீதான். “அண்ணி, அம்மா படுக்கும்போது கம்பியை ஏத்தி விட்டீங்களா? சும்மா ஞாபகப்படுத்தினேன்.” எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு இல்லை.

வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறாய். மெத்தையை மாற்றச் சொல்கிறாய், டாக்டரை மாற்றச் சொல்கிறாய், உப்பைக் குறைக்கச் சொல்கிறாய். ரயிலேறிவிடுகிறாய். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பதிலுக்கு நீ எனக்கே நாலு வேலை அனுப்பி வைத்தாய்.

அவர் உன் அம்மா.

அண்ணி


மார்ச் 16

அண்ணி,

படித்தேன்.

நான் இங்கே ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறேனா? கல்யாணம் ஆகாதவள் என்றால் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்க வேண்டுமா? எனக்கும் வேலை இருக்கிறது. நான் கேட்காமல் இருந்தால் ‘பெத்த பொண்ணு ஒரு வார்த்தை கேக்கலை’ என்பீர்கள். கேட்டால் மலைமேல் நிற்கிறாள் என்கிறீர்கள். எதைத்தான் செய்யச் சொல்கிறீர்கள்?

அம்மாவைப் பார்த்துக்கொள்வது கஷ்டம் என்றால் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாம். சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் செய்துவிட்டு இப்போது கணக்குத் தீர்க்காதீர்கள். அதுவும் ஒரு விளையாட்டின் கீழே, பெயரை மறைத்துக்கொண்டு!

இனி நான் எதுவும் நினைவூட்ட மாட்டேன். நிம்மதியாக இருங்கள்.


ஏப்ரல் 24

அண்ணி,

நீங்கள் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அண்ணனிடம் போனில் பேசினால் “எல்லாம் நல்லாருக்கு” என்பதற்குமேல் ஒரு சொல் வருவதில்லை.

வசனத்தை மாற்றச் சொல்லித் தலைவர் விடாப்பிடியாக நிற்கிறார். தேவன் பேச்சுத்தான் எல்லோருக்கும் எரிச்சலாம். சரி என்று உட்கார்ந்தேன். எழுத எழுத எனக்கு வேறு பேச்சே வரவில்லை. அந்தக் கோபத்தில் போனை எடுத்து, உங்களுக்கு நான் அனுப்பியதையெல்லாம் மேலே தள்ளிக்கொண்டே போனேன். அம்மா விழுந்த நாள் வரை போனேன். எல்லாம் கேள்வி, இல்லாவிட்டால் கட்டளை. நீங்கள் எல்லாவற்றுக்கும் ‘ஆச்சு’, ‘ஆச்சு’ என்று பதில் போட்டிருக்கிறீர்கள். ‘நீங்க சாப்பிட்டீங்களா அண்ணி’ என்று எங்காவது கேட்டிருப்பேன் என்று தேடினேன். இல்லை.

உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். கேட்கவேண்டியதை முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம், என்னைப் பார்த்து ஊரே சிரிக்கும்படி செய்திருக்க வேண்டாம். இருந்தாலும் ஆபீசில் பேசிவிட்டேன். வீட்டிலிருந்து வேலை பார்க்க விடுவார்கள். ஜூன் மாதம் முழுக்க வந்து இருக்கிறேன். ஒரு மாதம் நீங்கள் நிம்மதியாகப் படிக்கலாம். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அப்போது பார்ப்போம்.

நாத்தனார்


ஏப்ரல் 26

பயிற்சி ஆறு மாதம். ஒரு மாதம் இல்லை.

வருகிறேன் என்று போன வாரமே ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டேன், உன் கடிதம் வருவதற்கு முன்பே. உன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். அவர் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே, “போயிட்டு வா” என்றார். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

கோபம் இருந்தால் இருக்கட்டும். எனக்கும் இருக்கிறது. வருவதாக இருந்தால் முழுசாக வா.

அண்ணி


ஜூன் 23

அண்ணி,

உங்கள் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா இப்போதுதான் கண் அசந்தார். சத்தம் போட்டுத் தட்டச்சு செய்யக்கூடப் பயமாக இருக்கிறது.

இந்த வீட்டை ஒரு மனுஷி நடத்தினாள் என்பதை நம்ப முடியவில்லை. மாத்திரையைப் பொடித்தால் துப்புகிறார், பொடிக்காவிட்டால் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறார். நான் தலைவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதுதான் படுக்கை நனைகிறது. ஒரு பக்கமாகத் திருப்பினால் வலிக்கிறது என்கிறார், மறு பக்கம் திருப்பினால் சுவரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்கிறார். நேற்று விரிப்பை மாற்றும்போது கத்திவிட்டேன். “நான் என்ன பண்ணுவேன்மா, சொல்லு! எனக்கு ரெண்டு கைதான் இருக்கு!” அவர் வலது கையால் விரிப்பின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொடுத்தார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

துவைக்கிற மெஷின் நடுவில் நின்றுவிடுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? அம்மா ராத்திரி வலது கையை ஆட்டி எதையோ கேட்கிறார், தண்ணீர் இல்லை, போர்வை இல்லை, அது என்ன? அண்ணனுக்கும் தெரியவில்லை. அவருக்கு இடுப்பு வலி அதிகமாகியிருக்கிறது. இருந்தாலும் தூக்குகிறார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுகிறோம்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போக முடியுமா? வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். ஒரு நாள் நீங்கள் பார்த்துக்கொண்டால் நான் தூங்குவேன்.

நாத்தனார்


ஜூலை 2

நாத்தனாரே,

மெஷினில் தண்ணீர் போகும் குழாய் மடங்கியிருக்கும். நிமிர்த்தி வை. அத்தை கையை ஆட்டுவது விளக்குக்காக. அறை விளக்கை அணைத்துவிட்டு, வெளியே நடையில் இருக்கும் விளக்கைப் போட வேண்டும். முழு இருட்டு அவருக்குப் பயம். சொல்லமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன். லீவு கிடைக்கும். ஆனாலும் வரமாட்டேன். வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆளுக்கொன்று கேட்பீர்கள், நானும் ‘ஆச்சு, ஆச்சு’ என்று ஆரம்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இங்கே முதல் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரும் கூப்பிடாமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இரண்டாம் நாள் விடிந்த பிறகும் தூங்கினேன். எழுந்து உட்கார்ந்து, இன்றைக்கு எனக்குப் பிடித்ததைச் சாப்பிடலாம் என்று நினைத்தேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று உடனே ஞாபகம் வரவில்லை. எனக்கே என்மேல் கோபம் வந்தது.

பயிற்சி முடிந்ததும் இங்கேயே வேலைக்கு இருக்கிறாயா என்று கேட்கிறார்கள். உன் அண்ணனிடம் சொன்னேன். கோபப்படவில்லை. இங்கேயும் கட்டடம் கட்டுகிறார்களா என்று மட்டும் கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சரி என்றுதான் சொல்லப் போகிறேன்.

அத்தையை எங்கே வைத்துக்கொள்வது, யார் பார்ப்பது என்பதை இந்தத் தடவை நீயும் உன் அண்ணனும் உட்கார்ந்து பேசுங்கள். என்னை நடுவில் கூப்பிடாதீர்கள். முடிவு எடுத்த பிறகு எனக்குச் சொல்லுங்கள். அத்தையை எனக்குப் பிடிக்கும். அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அண்ணி


ஜூலை 9

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் போனைச் சோபாவில் விட்டெறிந்தேன். ஒரு நாள்தானே கேட்டேன் என்று அண்ணனிடம் கத்தினேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே, “அவகிட்ட நாமளும் அப்பப்போ ஒரு நாள் ஒரு நாளாத்தானே கேட்டோம்” என்றார். அந்த மனுஷன் இத்தனை பெரிய வாக்கியம் பேசி நான் கேட்டதே இல்லை.

இரண்டு பேரும் பேசினோம். நன்றாகச் சண்டையும் போட்டோம். நான் இந்த ஊருக்கே வந்துவிடுகிறேன். அம்மா என்னோடு இருப்பார். ஆபீசில் ஒத்துக்கொண்டால் இங்கிருந்தே வேலை பார்ப்பேன், இல்லாவிட்டால் வேறு வேலை தேடுவேன். அண்ணன் உங்களிடம் வருவதா இங்கே இருப்பதா என்பதை உங்களிடமே பேசிக்கொள்வார். நான் இதைச் சந்தோஷமாக எழுதவில்லை. எரிச்சலோடுதான் எழுதுகிறேன். இன்றைக்கு மட்டும் மூன்று தடவை விரிப்பு மாற்றினேன்.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். “அண்ணி இனிமே இங்க வரமாட்டாங்க போலிருக்கும்மா. அங்கயே வேலை கொடுக்குறாங்களாம்.” அழுவார் என்று நினைத்தேன். வாய் கோணியபடியே ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்:

“நானா இருந்தா... முன்னாடியே... போயிருப்பேன்.”

சொல்லிவிட்டுக் கையை ஆட்டினார். நான் எழுந்து நடை விளக்கைப் போட்டேன்.

உங்கள் நாத்தனார்